செல்வத்துக்காகக் குடித்த தம்பிலி

போன வாரம் மார்க்கெட் பக்கமாக நடந்து வந்தபோது தம்பிலிக்காரர் ஒருவர் ஒன்றைச் சீவி, நான் கேட்காமலே முகத்துக்கு நேரே நீட்டினார். தம்பிலி என்றால் செவ்விளநீர்தான். கண்டியில் நாங்கள் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம். சீவின இடத்திலிருந்து அந்தப் பச்சை மணம் வந்ததும் இரண்டடி பின்வாங்கினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"சீனி வருத்தமா?" என்று கேட்டார்.

விளக்கம் சொல்லக் கூச்சம். ஆமாம், நீரிழிவுதான் என்பதுபோல் தலையாட்டினேன். அவர் அக்கறையாகப் பாகற்காய்ச் சாறு பிழியும் விதத்தைச் சொன்னார். கடைசிவரை நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன். இல்லாத வருத்தத்துக்கு வைத்தியம் கேட்பது எனக்குப் புதிதல்ல. கொஞ்ச காலம் நான் இன்னொருவனுக்குப் பதிலாக நோயாளியாக இருந்தவன்.

அந்த இன்னொருவன் செல்வம். மஹய்யாவ மலைச்சரிவில் என் வீட்டுக்கு மேலே, படிக்கட்டு முடியும் இடத்தில் அவன் வீடு. புடவைக் கடையில் சேல்ஸ்மேன். வாங்க வராதவர்களையும் பேசிப் பேசி வாங்க வைத்துவிடுவான். நான் அரிசி மொத்தக் கடையில் மூட்டை தைப்பவன், ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மூட்டையிடம் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் நட்பில் பேசுவது அவன் வேலை, தலையாட்டுவது என் வேலை.

அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. கிழமையில் சில நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் கழுவ வேண்டும். தண்ணீர் கூட ஒரு சின்னக் கோப்பையில் அளந்துதான். இளநீரும் வாழைப்பழமும் தொடவே கூடாது, இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் மனைவி மல்லிகாதான் எல்லாம் பார்த்தாள். இரவெல்லாம் அவனுக்கு உடம்பு அரிக்கும், மூச்சு முட்டும். அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். விடிந்தால் சமையல், ஆஸ்பத்திரி, பஸ். ஒருநாள் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே தூங்கி, கை சுட்டுக்கொண்டாள். "இவ விழுந்தா நான் செத்தேன் மச்சான்," என்றான் செல்வம். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவள் தூங்குவதற்கென்று இருந்தது ஆஸ்பத்திரி இல்லாத ஞாயிறும், போயா என்கிற பௌர்ணமி விடுமுறையும்தான். ஊர்ச் சனங்கள் நோயாளி பார்க்க வருவதும் அதே நாட்களில்தான். நம் ஆட்கள் வெறுங்கையோடு வருவார்களா? தம்பிலியும் வாழைப்பழமுமாக வருவார்கள். வைத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை, டாக்டர் வேண்டாமென்றார் என்றாலும் நம்பாமல், கண்ணுக்கு முன்னால் குடிக்க வேண்டும் என்பார்கள். இல்லையென்றால் மனத்தாங்கல். "எங்க கையால குடுத்தா எறங்காதோ?" என்று தெல்தெனியவிலிருந்து வந்த மாமி கேட்டுவிட்டு, அதை இறங்கும் படிக்கட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனார்.

அன்றைக்குத்தான் செல்வத்துக்கு யோசனை வந்தது. அடுத்து வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "எனக்காக இவன் குடிப்பான்," என்றான்.

"அது எப்பிடிங்க?"

"ஏன், எனக்கு நேர்த்தி வச்சு எங்க சித்தப்பா மொட்டை அடிச்சாரே. சாமி ஏத்துக்கலையா? முடி எறக்க ஆள் மாத்தலாம், தம்பிலி எறக்கக் கூடாதா?"

புடவைக் கடைப் பேச்சு. வந்தவர்கள் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள். மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நான் ஏன் மூட்டை தைக்கிறேன்? குடித்தேன். அவர்கள் முகம் மலர்ந்தது.

அதிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரை எனக்கு நிரந்தரமானது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டினியாகப் போய் உட்காருவேன். செல்வத்துக்கான திருநீறு என் நெற்றிக்கு வந்தது. தாயத்தைக்கூட ஒருவர் என் கையில் கட்டினார். குடித்துக் குடித்து எனக்குத் தொந்தி விழுந்தது. அதைப் பார்த்துவிட்டு மாமி, "இப்ப செல்வம் எவ்வளவோ தேறிட்டாரு," என்று ஊரில் சொன்னார். கடையில் முதலாளி என்னைக் கூப்பிட்டு, பாரம் தூக்காதே என்றார். எனக்கே சில நாள் இடுப்பு வலிக்கிற மாதிரி இருந்தது.

ஆட்கள் என்னைச் சுற்றி இருந்த அந்த நேரத்தில் மல்லிகா திரைச்சீலைக்குப் பின்னால் பாய் விரித்துத் தூங்கினாள். முன்னறையில் பேச்சுச் சத்தம் கேட்கும்வரை அவனைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று தைரியம். "எங்க அவங்க?" என்று கேட்டால், "கோயிலுக்குப் போயிருக்கா," என்பான் செல்வம். அவள் குறட்டை விடும்போதெல்லாம் இவன் இருமுவான். அந்தப் பெண்ணுக்கு நல்ல குறட்டை. பாவம், இவனுக்கு இருமிச் சாகும் நிலைமை. வந்தவர்கள் இருமலுக்கும் ஒரு மருந்து சொன்னார்கள். அதையும் நான்தான் குடித்தேன்.

ஒரு போயா நாளன்று நாவலப்பிட்டியிலிருந்து மல்லிகாவின் அண்ணன் ரயிலில் ஒரு தம்பிலிக் குலையையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பெரிய மீசை, பெரிய குரல். அதற்கு முன்னால் வந்தவர்களுடையதைக் குடித்து எனக்குக் கழுத்துவரை நின்றது. செல்வம் மொட்டைக் கதையைச் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை.

"மொட்டையாவது மசிராவது. என் தங்கச்சி புருசன் குடிக்கணும். ஒரு வாய் குடிச்சா உசிரா போயிரும்?"

போய்விடும் என்பதுதான் விஷயம். ஆனால் அதைச் சொல்ல வேண்டிய செல்வம் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் தானே கத்தி தேடி ஒன்றைச் சீவி, அவன் தலையைத் தாங்கிப் பிடித்து உதட்டருகில் கொண்டுபோனார். செல்வம் இரண்டு கையாலும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தான். தள்ளுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இழுத்துக்கொண்டிருந்தான். வாய் நிறையத் தண்ணீர் குடித்து எத்தனையோ மாதமான மனிதன். கண்ணை மூடிக்கொண்டு, பால் குடிக்கிற பிள்ளை மாதிரி முகத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

திரைக்குப் பின்னால் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. நான்தான் இருந்தேன்.

"கீழ போடுங்கடா!" என்று கத்தினேன்.

எனக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது எனக்கே தெரியாது. கீழ் வீட்டு நாய்கள் குரைத்தன. அண்ணன் கைநழுவவிட்ட தம்பிலி அவர் மடியிலேயே கவிழ்ந்து கால்சட்டை முழுக்க நனைந்தது. என்னைவிட மூத்தவரை 'டா' போட்டதற்கு மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு அதற்குமேல் குரல் வரவில்லை.

மல்லிகா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். கன்னத்தில் பாயின் வரி வரியான தடம். அண்ணனின் கால்சட்டையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"இவ்வளவு நேரம் கோயில்லயா இருந்த?" என்றார் அண்ணன்.

அவள் என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் மெதுவாக் கத்தியிருக்கக் கூடாதாண்ணே? இப்பத்தான் கண்ணு அசந்துச்சு," என்றாள்.

"நீ போய்த் தூங்கு. ஒண்ணுமில்ல, ஒங்கண்ணன் நனைஞ்சிட்டாரு," என்றான் செல்வம். அவள் திரும்பிய பிறகு விரலில் தெறித்திருந்த ஒரு துளியை நாக்கால் தொட்டான். நான் பார்த்துவிட்டதை அவனும் பார்த்தான். அண்ணன் நனைந்த கால்சட்டையோடு, சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்பும்வரை, தங்கை எழுந்துவிடக் கூடாதென்று தன் பெரிய குரலை விழுங்கி விழுங்கிப் பேசினார்.

அதற்குப் பிறகு செல்வம் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தான். மழை விடாமல் பெய்த ஒரு கிழமையில் போனான், ஆஸ்பத்திரியில், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. காரியமெல்லாம் முடிந்து ஆட்கள் வருவது நின்றது. மல்லிகா இனி எவ்வளவு வேண்டுமானாலும் தூங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, தூக்கமே வரமாட்டேங்குது. முன்னறையில யாராவது பேசிக்கிட்டு இருந்தாத்தான் கண்ணு மூடுது. கொஞ்சம் வந்து பேசுறீங்களா?"

பேச்சுக்கு ஆள் தேடி அவள் வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்கள். போனேன். அதே கதிரையில், மடித்து வைத்த கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தேன். என்ன பேசுவது? தெரிந்ததைப் பேசினேன். சம்பா மூட்டைக்கு எந்தச் சணல் நல்லது, ஊசி எங்கே முறியும், மழைக்காலத்தில் சாக்கு எப்படி நாறும். முதலில் ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னேன். திரைக்குப் பின்னால் குறட்டை கேட்ட பிறகு, யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில், நன்றாகவே பேசினேன். செல்வம் கேட்டிருந்தால் என்னைப் புடவைக் கடைக்குச் சிபாரிசு செய்திருப்பான்.

சில மாதங்களில் அண்ணன் வந்து அவளை நாவலப்பிட்டிக்குக் கூட்டிப் போனார். அங்கே அவள் நன்றாகத் தூங்குகிறாளாம். அவருக்குத்தான் பெரிய குரலாயிற்றே. அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டிலேயே இருக்கிறேன். சணலைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. என் பேச்சைக் கேட்டுத் தூங்கத்தான் இந்த ஊரில் ஆள் இல்லை.