கிரேஸ் டீச்சரும் கொரியன் சீரியல்களும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கிரேஸ் டீச்சரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுக்கலாமா என்று யோசித்தேன். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டால் கேள்வி ஒன்றுதான்: "நான் சொன்ன சீரியலைப் பார்த்தியா, இல்லையா?" எடுத்த வேகத்தில், "இன்னும் பாக்கலை டீச்சர்" என்றேன். பேசியது அவருடைய மகள் ஷைனி. "அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி" என்றாள்.

எங்கள் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால் வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத மனுஷி அவர். அவரேதான் மதியம் டிபன் பாக்ஸில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, யாரோ ஒரு கொரியாக்காரப் பையன் ஒரு பெண்ணுக்குக் குடை பிடித்ததற்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவர் சாப்பாடு ஆறிவிடும். நம் சாப்பாடும் ஆறும். கதையைச் சொல்லாமல் நம்மை விடமாட்டாரே.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "கையைப் பிடிக்கவே எட்டு எபிசோடா டீச்சர்? நம்ம ஊர்ல இந்நேரம் புள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தியிருப்பாங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. "எங்க வீட்டுக்காரரு இருந்த வரைக்கும் ஒருநாள்கூட 'சாப்பிட்டியா'ன்னு கேட்டதில்ல உமா. இவிங்க வார்த்தைக்கு வார்த்தை கேக்குறாங்க. ஜப்பான் சீரியல்ல வர்றவன் அதுக்கும் மேல. கேக்கவே மாட்டான், தட்டை எடுத்து வச்சிட்டுப் போயிருவான்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் குறுக்கே பேசாமல் கதை கேட்டேன். கொஞ்ச நாள்தான்.

ஷைனி தன்னோடு வேலை பார்க்கும் முத்துக்குமாரைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொன்ன அன்று, இதே கிரேஸ் டீச்சர் முடியவே முடியாது என்றார். பையன் வேறு மதம், வேறு சாதி, திருவாதவூரில் விவசாயக் குடும்பம். சீரியலில் காதலைப் பிரிக்கும் பணக்கார அம்மாக்களை வாய் வலிக்கத் திட்டுகிறவர் அவர். அதைச் சொல்லிக் காட்டினேன். "அது கதை. இது என் மக" என்றார்.

மறுப்பதையும் நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதையாம். அதற்குத் துணையாக நான் வேண்டுமாம். மாட்டுத்தாவணியில் திருவாதவூர் பஸ் ஏறினோம். போகிற வழியெல்லாம் புதுக்கதை: ஒரு பணக்கார அம்மா, மகன் விரும்பும் ஏழைப் பெண்ணை ஓட்டலுக்கு வரச்சொல்லி, தம்ளர்த் தண்ணீரை முகத்தில் வீசுகிறாள். "மனுஷியா அவ?" என்று என்னிடம் கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முத்துக்குமாரின் அம்மா பாண்டியம்மாளுக்கும் இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை. "வாங்க" என்றாரே தவிர முகத்தில் சிரிப்பில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, விறைப்பாகக் கையை நீட்டினார். கிரேஸ் டீச்சர் சட்டென்று பின்னால் சாய்ந்து கைப்பையால் முகத்தை மறைத்துக்கொண்டார். பிறகு தான் செய்ததை நினைத்துச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவில்லை.

"என்னத்துக்குச் சிரிக்கிறீக?" பாண்டியம்மாளுக்குக் கோபம்.

காரணத்தைச் சொல்லக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. கிரேஸ் டீச்சருக்குக் கதையை நடுவிலிருந்து சொல்லத் தெரியாது. முதல் எபிசோடிலிருந்து ஆரம்பித்தார். நாங்கள் திரும்ப வேண்டிய பஸ் வந்தது, போயும் விட்டது. பாண்டியம்மாள் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"பெறகு அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு?"

"முகத்தைத் துடைச்சுக்கிட்டு, கும்பிட்டுட்டு வெளிய போயிருச்சு."

"அந்த ஆத்தாக்காரி நல்லா இருப்பாளா?"

கிரேஸ் டீச்சர் செம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே, "வாரேங்க" என்று எழுந்துகொண்டார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சர்ச்சா, கோயிலா என்று இரண்டு அம்மாக்களும் மாதக்கணக்கில் என் உயிரை எடுத்தார்கள். கடைசியில் பிள்ளைகள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அம்மாக்கள் இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு கிரேஸ் டீச்சர் கதை சொல்ல என்னைத் தேடுவது குறைந்தது. சாயங்காலமானால் திருவாதவூருக்குப் போன் போட்டுவிடுவார்.

வில்லாபுரத்தில் அவர் வீட்டில் அடக்க ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்தபோது, பாண்டியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அழுது ஓய்ந்த முகம்.

"டீச்சரம்மா ஒரு கதையைப் பாதியில விட்டுட்டாக. ரயில் ஸ்டேசன்ல நிக்கிறானே, அவன் அந்தப் புள்ளகிட்ட மனசுல உள்ளதச் சொன்னானா, இல்லையா? நீங்க பாத்திருப்பீகளே."

"பாக்கலையேம்மா."

"பாத்துட்டுச் சொல்லுங்க. அடியில ஓடுற இங்கிலீசு எழுத்தெல்லாம் எனக்கு வாசிக்கத் தெரியாது."

ஆக, கிரேஸ் டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வேலை. ஆனையூரில் என் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பார்க்கிறேன். பார்த்ததைப் பாண்டியம்மாளுக்குப் போனில் சொல்கிறேன். எபிசோடு எபிசோடாக அந்தப் பையன் வாயைத் திறக்காமல் பிளாட்பாரத்தில் நின்றான். நேற்றுப் பார்த்ததில், அவள் ரயிலேறிவிட்டாள் என்று தெரிந்ததும் ஓடினான். "ஓடுறாம்மா" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மூக்கைச் சிந்திவிட்டு மீதியைச் சொன்னேன். எரிச்சலாகத்தான் இருந்தது.