மெக்னீசியத்தை விழுங்கியது எது?

எங்கள் ஆய்வகத்தில் கரைசல் கலக்கும் அக்காவுக்கு எதையும் ஒருமுறை அளந்தால் திருப்தி வராது. பொருள் அறை என் பொறுப்பு. ஒரு மூடி தளர்ந்திருந்தாலும் புட்டியைத் திருப்பி அனுப்பி என் உயிரை வாங்குவார். அப்படிப்பட்டவர் ஆறு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்த ஆராய்ச்சிப் பெண்ணின் ஆர்.என்.ஏ. வேலை செய்யவில்லை. அது மெல்லிய இழை. மெக்னீசியம் கிடைத்தால் ஒழுங்காக மடிந்து, தன்னைத்தானே வெட்டிக்கொள்ள வேண்டும். இதுவோ அசைந்து கொடுக்கவில்லை. மெக்னீசியம் கரைசலில்தான் கோளாறு என்று இயக்குநர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அக்காவுக்கு வேலை இல்லை.

அக்கா புதுப் பொட்டலம் பிரித்தார், தராசைச் சோதித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. மெக்னீசியம்தான் இழையின் மடிப்பைப் பிடித்து நிறுத்துகிறது என்று தையல்காரரான கணவரிடம் புலம்பினார்.

"மடிப்பு கலையாம இருக்க குண்டூசி குத்துறோமே, அது மாதிரியா?"

"அதேதான். ஆனா சூடு பண்ணினா அதே மெக்னீசியம் இழையைத் துண்டு துண்டாக்கிடும்."

"நல்லதா கெட்டதா, ஏதாவது ஒண்ணு சொல்லு."

"அதுதாங்க எனக்கும் புரியல."

வியாழக்கிழமை அந்தப் பெண் ஓடிவந்தாள். "அக்கா! மெக்னீசியத்தை மூணு மடங்கு போட்டேன், வெட்டிடுச்சு! உங்க கரைசல் சரிதான். வேற எதுவோ அதை விழுங்குது."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இவருக்கு என்ன வந்தது என்று நான் விழித்தேன்.

விஷயம் பிறகுதான் தெரிந்தது. முன்பொரு முறை யாரோ சூடாக்கிய ஆர்.என்.ஏ. நொறுங்கிப்போய், தண்ணீரில் உலோகம் கலந்துவிட்டதாக அக்காவைத் திட்டித் தீர்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ரசாயனம் ஒன்றை ஒவ்வொரு தண்ணீர்ப் புட்டியிலும் கொஞ்சம் சேர்த்துவந்திருக்கிறார். நல்லதுக்குத்தானே என்று புட்டிச் சீட்டில்கூட எழுதவில்லை. மெக்னீசியமும் உலோகம்தான், அதையும் அது பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் மெக்னீசியத்தை அள்ளிப் போட்டதால் வெளியே தெரியவில்லை. இந்தப் பெண்ணோ உயிரணுவுக்குள் இருக்கும் சொற்ப அளவே போட்டாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை தப்பியிருக்கும். "நான்தாம்மா" என்று ஆரம்பித்து அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

பெண் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எத்தனை வருஷமாக்கா?"

"பதினொண்ணு."

அவள் மெல்லச் சுவரைப் பார்த்தாள். முன்னே இருந்தவர்களின் ஆய்வுக் கட்டுரைகள் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தன. எந்த ஆர்.என்.ஏ.வுக்கு எவ்வளவு மெக்னீசியம் வேண்டும் என்று, தண்ணீர் விழுங்கியதைக் கழிக்காமலே, ஒவ்வொன்றும் அடித்துச் சொன்னது.

"இது எல்லாத்துக்கும் தண்ணி..."

"நான்தான் குடுத்தேன்" என்றார் அக்கா.