பதினோராம் தேதி, இரண்டு நிமிஷம்

ராயபுரத்து நிலக்கரிக் கிடங்கில் கூடை சுமந்தவள் பச்சையம்மா. அவள் புருஷன் கோதண்டமும் அங்கேதான் வேலை செய்தான். 1918 நவம்பர் பதினோராம் தேதி காலையில் விஷக் காய்ச்சலில் செத்தான். மூன்றே நாள் படுக்கை. ஊரெங்கும் அதே சாவு, அந்த மாதம் பிணம் தூக்க ஆள் கிடைக்கவில்லை. அவளும் தம்பியும் மாட்டுவண்டியில் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். மறுநாள் துறைமுகத்துக் கப்பல்கள் ஒன்றாக ஊதின. சீமைச் சண்டை முடிந்துவிட்டதாம், அதுவும் முந்தின நாள்தானாம். பச்சையம்மா காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள்.

அடுத்த வருஷம் அதே தேதி பகல் பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. கிரேன் நின்றது. துரை தொப்பியைக் கழற்றினார்.

“இன்னாத்துக்கு சாகிப் நிக்கிறாங்கோ?” என்று மேஸ்திரி மதார் சாகிப்பிடம் கேட்டாள்.

“செத்தவங்கள நெனச்சிக்கினு நிக்கணுமாம். ரெண்டு நிமிசம். பேசாத.”

காய்ச்சலில் போனவனுக்கு ஒருவரும் வாய்க்கரிசி போட வரவில்லை. இப்போது துரையே தலை குனிந்து நிற்கிறார். பச்சையம்மா கூடையை இறக்கிவைத்து அழுதாள். அன்றைக்குச் சுமை அவ்வளவாகத் தெரியவில்லை.

மூன்று வருஷம் அப்படியே நின்றாள். நாலாம் வருஷம் முந்தானையில் கொஞ்சம் சாமந்தி முடிந்து வந்து கரிக்குவியல் ஓரத்தில் வைத்தாள். கிடங்குக் கிளார்க் பார்த்துவிட்டான்.

“உம் புருசன் எந்தப் பட்டாளம்?”

“பட்டாளம் இல்ல சாமி. இங்கதான் கரி தூக்கிக்கினு இருந்தாரு.”

“அப்போ இது அவனுக்கு இல்ல. சண்டையில செத்த சோல்ஜருங்களுக்கு.”

பச்சையம்மா மேஸ்திரியைப் பார்த்தாள். “நீதான சாகிப் சொன்ன?”

“எனுக்கு அவ்ளோதான் தெரியும், பச்சை.”

அதற்கடுத்த வருஷம் சங்கு ஊதியபோது எல்லோரும் நின்றார்கள். அவள் மட்டும் கூடையோடு, குவியலுக்கு ஏறும் பலகைமேல் நடந்தாள். கரி கொட்டும் சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது. மத்தியானமே வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

“துரை கால்ல வுழுந்து மாப்பு கேளு” என்றார் மதார் சாகிப்.

“இன்னான்னு கேக்குறது?” என்றாள்.

பிறகு மகள் செல்லம்மாவோடு எர்ணாவூர் போனாள். எண்ணூர் உப்பங்கழியில் கிளிஞ்சல் பொறுக்கிச் சுண்ணாம்புக் காளவாயில் போடும் வேலை. எட்டு வருஷத்தில் சுண்ணாம்புத் தூள் கண்ணைத் தின்றுவிட்டது. குடிசைக்குள்ளேயே தடவித் தடவி நடந்தாள். ஒருவரோடும் அதிகம் பேசமாட்டாள். 1934இல் ஒரு விடியற்காலை செத்துக் கிடந்தாள். செல்லம்மா புதைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, பாதிக் கூலியாவது கிடைக்கும் என்று காளவாய்க்குப் போனாள்.