ஓ.டி.பி. வராத தீபத் திருநாள்

தமிழ்செல்வி சாதாரண பி.காம். படிக்கத்தான் போனாள். திண்டிவனம் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் அந்த இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள். ஆனால் பி.காம். இ-காமர்ஸில் இடம் தாராளமாக இருந்தது. எதிர்காலமே அதில்தான் இருக்கிறது என்று சேர்க்கை அறையில் இருந்தவர் அடித்துச் சொன்னார். எதிர்காலம் இருக்கிற வகுப்பில் ஏன் ஆளே இல்லை என்று கேட்க அவளுடைய அப்பா சகாதேவனுக்குத் தோன்றவில்லை. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடுகிற மனிதர் அவர். கல்லூரி கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் கோட்டு போட்ட பெண்ணொருத்தி லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பில் அப்படி என்ன சிரிப்பு என்று புரியாவிட்டாலும், மகளும் ஒருநாள் அப்படிச் சிரித்தால் நல்லதுதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் டீக்கடையில் ஒருவர், ஈக்குத் தனியாகக் காமர்ஸ் இருக்கிறதென்றால் கொசுவுக்கு எந்தக் கல்லூரியில் இருக்கிறது என்று விசாரித்தார். சகாதேவன் அந்தக் கடைக்குப் போவதையே நிறுத்திக்கொண்டார்.

துறைத் தலைவர் இராமலிங்கம் நல்ல மனிதர். நெடுங்காலமாகக் கணக்குப்பதிவியல் நடத்தியவர். ஒரு கோடை விடுமுறையில் அவருடைய அறை வாசலில் இருந்த பலகையை மாற்றினார்கள். ஜூன் மாதம் திரும்பி வந்தபோது அவர் மின்வணிக நிபுணராகியிருந்தார். ஆய்வகத்தில் கணினிகள் இருந்தன. தூசி படக்கூடாது என்று அவற்றுக்கு உறை போட்டிருந்தார்கள். உறையை எடுத்தால் தூசி படும் என்பதால் யாரும் எடுக்கவில்லை. இணைய இணைப்புக்கு விண்ணப்பித்திருப்பதாக முதலாண்டில் சொன்னார்கள். மூன்றாம் ஆண்டிலும் அதையே சொன்னார்கள். பேச்சு மாறாத நிர்வாகம்.

ஷாப்பிங் கார்ட் என்றால் என்ன என்பதை இராமலிங்கம் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். படத்தில் நான்கு சக்கரங்களும் ஒரு கைப்பிடியும் இருந்தன. அதையும் மாணவிகள் ஸ்கேல் வைத்து வரைந்துகொண்டார்கள். சார் ஆன்லைனில் என்ன வாங்கியிருக்கிறார் என்று தமிழ்செல்வி ஒருமுறை எழுந்து கேட்டாள். அவர் பொய் சொல்லவில்லை.

"தொட்டுப் பாக்காம ஒரு பொருள எப்படிம்மா வாங்குறது?"

மின்வணிகத்தின் நன்மைகளை விவரி என்ற கேள்வி எல்லாத் தேர்விலும் வந்தது. வாடிக்கையாளர் இருந்த இடத்திலேயே பொருளைப் பெறலாம் என்று அவள் ஒவ்வொரு தடவையும் அடிக்கோடிட்டு எழுதினாள். முதல் வகுப்பில் தேறினாள்.

அதன் பிறகு, கல்லூரியின் அந்த வழவழப்பான புத்தகத்தில் வாக்களித்திருந்த வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. வளாக நேர்காணலுக்கு இன்சூரன்ஸ் முகவர் பிடிக்கிறவர்கள் வந்து, உறவினர்கள் எத்தனை பேர் என்று மட்டும் கேட்டுவிட்டு எல்லோரையும் தேர்வு செய்தார்கள். அடுத்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் 'இ-காமர்ஸ் எக்ஸிகியூட்டிவ்' வேலை கிடைத்தது. ஷாம்பு பாட்டில்மீது ஸ்டிக்கர் ஒட்டுகிறவருக்குத்தான் அந்தப் பட்டம். நின்றுகொண்டே ஒட்ட வேண்டும். இடுப்பு வலி தாங்காமல் ஊர் திரும்பிய மகளிடம், அங்கே கோட்டு கொடுத்தார்களா என்று மட்டும் அப்பா கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

கடைசியாக வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு பார்சல் நிறுவனத்தில் சேர்ந்தாள். வருகிற பொட்டலங்களை ஸ்கேன் செய்து தெருவாரியாகப் பிரித்து, வண்டியில் கொண்டுபோகிறவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். திருவண்ணாமலையில் இத்தனை பேர் இத்தனை செருப்பு வாங்குகிறார்கள் என்பது அவளுக்கு அங்கேதான் தெரிந்தது. பாதிச் செருப்பு அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது. தொட்டுப் பார்த்து வாங்க வேண்டும் என்று சொன்ன இராமலிங்கம் சாரை அவள் அப்போது கொஞ்சம் மரியாதையோடு நினைத்துக்கொண்டாள்.

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் போனது ஒன்றே ஒன்றுதான். பௌர்ணமி என்று ஒன்று உண்டு என்பதே கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்குத் தெரியாது. கிரிவலப் பாதையில் அன்று வண்டி போகாது. லட்சக்கணக்கில் ஜனம் நடக்கும். பார்சல் ஏன் போகவில்லை என்பதற்குக் கணினி மூன்று காரணங்களைத்தான் ஒப்புக்கொள்ளும்: முகவரி தவறு, வாடிக்கையாளர் இல்லை, வாங்க மறுத்தார். அண்ணாமலையாரைப் பார்க்க உலகமே வந்திருக்கிறது என்ற நான்காவது காரணத்தைச் சேர்க்கச் சொல்லி அவள் எழுதினாள். தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று பதில் வந்தது. அதோடு சரி.

அந்த வருடம் கார்த்திகை தீபத்தன்று காலை எல்லம்மாளிடமிருந்து போன் வந்தது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிச் சின்னக் கடை வைத்திருப்பவள். நடக்கிற பக்தர்களின் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுக்கலாம் என்று நிறைய துளை வைத்த பிளக் பலகைகளையும் ஒயர்களையும் ஆன்லைனில் வாங்கியிருந்தாள். பார்சல் வேங்கிக்காலில் கிடந்தது. பாதையை அடைத்தாகிவிட்டது. முந்தின நாளே அதை வண்டியில் கொண்டுபோன டெலிவரிப் பையன் சல்மானைத் தடுப்பிலேயே போலீஸ் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அவன் 'வாடிக்கையாளர் இல்லை' என்று பதிவு செய்திருந்தான். வேறு வழி இல்லை.

"நான் இல்லியாமே? போன்ல மெசேஜ் வருது. இங்கதாம்மா உக்காந்துனு இருக்கேன்" என்றாள் எல்லம்மாள். "இன்னிக்கி வரலன்னா அது எனக்கு எதுக்கு? நாளைக்கி இங்க குப்பை வார்றவங்கதான் இருப்பாங்க."

சல்மானுக்கு டவுன் பார்சல்களே மலைபோல் கிடந்தன. தமிழ்செல்வி பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினாள். வேங்கிக்காலிலிருந்து கிட்டத்தில் போகிற வழி, ஜனம் வருகிற திசைக்கு நேர் எதிரே இருந்தது. ஆயிரமாயிரம் பேர் "அரோகரா" என்று எதிரே வர, அவள் மட்டும் தப்பான பக்கம் நடந்தாள். பாவம் சேரும் என்று ஒருவர் எச்சரித்தார். ஆந்திராவிலிருந்து வந்த ஓர் அம்மா திரும்பி நடக்கச் சொல்லித் தெலுங்கில் அழாத குறையாகக் கெஞ்சினார். ஒரு போலீஸ்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, இத்தனை பிளக்கும் எதற்கு என்று அவளை ஓரமாக நிற்கவைத்தார். இதுதான் லாஸ்ட் மைல் டெலிவரி என்று விளக்கினாள். அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் ஆண்டில் அந்தப் பாடம் நடந்தபோது அவளுக்கும்தான் புரியவில்லை.

வியர்த்து விறுவிறுத்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள். இனி எல்லம்மாளின் போனுக்கு ஒரு ஓ.டி.பி. வர வேண்டும், அந்த எண்ணைப் போட்டால்தான் பொருளை ஒப்படைக்கலாம். அத்தனை ஜனமும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்ததில் டவர் மூச்சு முட்டிக் கிடந்தது. எண் வரவில்லை. எல்லம்மாள் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தாள். ஸ்டூல்மீது ஏறி நின்றும் பார்த்தாள். கடை வாசலில் அதற்குள் ஏழெட்டுப் பேர், செத்துப்போன செல்போன்களைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"எண் வரலன்னா குடுக்கக் கூடாதுங்க. ரூல்ஸ் அப்படி" என்றாள் தமிழ்செல்வி.

"திருப்பி எடுத்துனு போறியாம்மா? இம்மாந்தூரம் நடந்து வந்துட்டு?"

தமிழ்செல்வி பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு அதைப் பிரித்து, முதல் பலகையைத் தானே சுவரில் செருகினாள். அன்று சாயங்காலம் மலைமேல் தீபம் ஏறியபோது அதைப் படம் பிடித்த பல செல்போன்களுக்கு உயிர் கொடுத்தது அந்தப் பலகைகள்தான். கம்பெனிக் கணக்கில் மட்டும் அந்தப் பார்சல் 'காணாமல் போனது' ஆகிவிட்டது.

விசாரணை வீடியோவில் நடந்தது. பொருள் கிடைத்துவிட்டது என்று எல்லம்மாளே போனில் பேசினாள். கிடைத்ததற்கு ஓ.டி.பி. இல்லையே என்றார் மறுமுனையில் இருந்த இளைஞர், நிஜமான வருத்தத்தோடு. அந்த வார இறுதியில் தமிழ்செல்விக்கு வேலை போனது. வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் மூச்சு என்ற வாசகம் நீக்கல் மின்னஞ்சலின் அடியில் தானாகவே வந்திருந்தது.

அதே வாரம் பேருந்து நிலையத்தில் அவளுடைய கல்லூரி ஒரு பேனர் வைத்தது. 'பன்னாட்டு நிறுவனத்தில் எம் மாணவி' என்று தமிழ்செல்வியின் படம் ஆளுயரத்துக்கு நின்றது. படத்தில் அவளுக்குக் கோட்டும் போட்டிருந்தார்கள். தலை மட்டும்தான் அவளுடையது. சகாதேவன் பஸ்ஸிலிருந்து இறங்கி அதை நெடுநேரம் பார்த்தார். வேலை போன விஷயத்தை அன்று காலைதான் மகள் சொல்லியிருந்தாள். "கோட்டு நல்லாத்தான் இருக்குது" என்று மட்டும் வீட்டுக்கு வந்து சொன்னார்.

இராமலிங்கம் அவளை முதலாண்டு மாணவிகளிடம் பேச அழைத்தார். மேடையில் அவள் நடந்ததை நடந்தபடியே சொன்னாள்: ஸ்டிக்கர், செருப்பு, பிளக் பலகை, நீக்கல் மின்னஞ்சல் எல்லாம். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மாணவிகள் பலமாகக் கைதட்டினார்கள். நிர்வாகம் அதை நிகழ்ச்சியின் வெற்றி என்று எடுத்துக்கொண்டது. கூட்டம் முடிந்ததும் இராமலிங்கம் அவளைத் தனியே அழைத்து, யாருக்கும் கேட்காதபடி, "எனக்கும் ஒரு டார்ச் லைட் ஆர்டர் பண்ணிக் குடும்மா" என்றார்.

எல்லம்மாள் சும்மா இருக்கவில்லை. ஓ.டி.பி. இல்லாமல் பொருள் கொடுத்த பெண்ணைப் பற்றிப் பாதை நெடுகச் சொல்லியிருந்தாள். மார்கழிப் பௌர்ணமிக்கு முன்பே ஐந்தாறு கடைக்காரர்கள் தமிழ்செல்வியைக் கூப்பிட்டார்கள். அவர்களுக்கு வேண்டியதை அவள் மொத்தமாக ஆர்டர் போட்டு, பாதை அடைக்கும் முன் கடையில் சேர்த்தாள். சல்மானும் பார்சல் வேலையை விட்டுவிட்டு ஒரு பழைய சரக்கு ஆட்டோவோடு வந்து சேர்ந்துகொண்டான். இப்போது வேங்கிக்காலில் ஒரு மாடியறை, ஒரு வாட்ஸ்அப் குழு, பாதையில் பாதிக் கடைகள் என்று தொழில் நடக்கிறது. எந்தப் பொருள் சரியில்லாமல் திரும்பி வரும் என்பது அவளுக்கு ஆர்டர் போடும்போதே தெரிகிறது. அது எந்தத் தேர்விலும் வராத கேள்வி.

போன வாரம் எல்லம்மாள் பங்குனி வெயிலில் நின்றுகொண்டு ஐம்பது ரெயின்கோட்டு கேட்டாள். இப்போது எதற்கு என்றாள் தமிழ்செல்வி.

"இப்பதான கம்மியா கெடைக்கும்? நீ போடு" என்றாள் எல்லம்மாள்.

தமிழ்செல்வி நூறாகப் போட்டாள்.