ஸ்டெல்லா அக்காவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கடிதம்

ஏலக்காய் மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி... போடியில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த கமிஷன் கடையில் நாள் முழுக்க அதுதான்.

அங்கே பில் டைப் அடித்தவர் ஸ்டெல்லா அக்கா. மத்தியானம் சாப்பிட்டதும் கைப்பையிலிருந்து ஒரு தடித்த இங்கிலீஷ் நாவலை எடுப்பார். அமெரிக்கப் பேய்க்கதை. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் வராது. அக்கா படித்துப் படித்துத் தமிழில் சொல்வார். பயம் வந்தால் நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன்.

"ஏத்தா, நகம் படுதுல்ல... பேய் அமெரிக்காவுலதான இருக்கு."

பின்னட்டையில் எழுத்தாளரின் போட்டோ. ஒல்லியான மனிதர். மீனை டப்பாவில் அடைக்கும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே, அடுப்படி மேஜையில் எழுதியவராம்.

"பாவம், நம்மள மாதிரிதான் இருந்திருக்காக" என்பார் அக்கா.

ஒரு நாள் பதிப்பக முகவரிக்கு அந்த எழுத்தாளருக்கே கடிதம் எழுதினோம். உள்ளே நாலு ஏலக்காய் வைத்தோம்.

பதில் வருவதற்குள் அக்கா கல்யாணமாகி நாக்பூர் போய்விட்டார்.

கவர் அக்கா பெயருக்கு, எங்கள் கடை முகவரிக்கு வந்தது. அவருடைய அண்ணன் கடை பக்கத்துத் தெருவில்தான். கொடுத்திருந்தால் அனுப்பியிருப்பார்.

நான் கொடுக்கவில்லை.

டிக்‌ஷனரி வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தேன். அறையெல்லாம் ஏலக்காய் மணந்ததில் அன்றைக்குப் பேயே எழுத வரவில்லை என்று எழுதியிருந்தார். அக்கா போனபிறகு எனக்கென்று மிஞ்சியது அந்தக் காகிதம்தான் என்று தோன்றியது. பீரோவில் வைத்துப் பூட்டினேன். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

போன வாரம் அந்த எழுத்தாளர் இறந்துவிட்டார் என்று செய்தி பார்த்தேன். அன்றைக்கே அண்ணனிடம் நம்பர் வாங்கி அக்காவுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.



"அவுக பதிலே போடலன்னு நெனச்சு, அப்புறம் நான் ஒரு புஸ்தகமும் தொடலத்தா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருக்கலாம்...

மறுநாளே கூரியரில் அனுப்பிவிட்டேன்.

இப்போது அந்த எழுத்தாளருடைய நாவல்கள் எல்லாம் என் போனில் இருக்கின்றன. இங்கிலீஷும் வந்துவிட்டது. சின்னமனூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கிறேன்.

தனியாகப் படித்தால் பயம்தான் வரமாட்டேன் என்கிறது.