மலையைப் பார்த்த டாய்லெட்

எங்கள் வீட்டு டாய்லெட்டில் ஃபிளஷை அழுத்தினால் தண்ணீர் கிரிவலம் போகும். ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கும். போக வேண்டியது மட்டும் போகாது. நாங்களும் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஊற்றிப் பழகிவிட்டோம்.

பௌர்ணமிக்கு மகளின் மாமியார் முதல்முறையாக எங்கள் வீட்டில் தங்க வருகிறார் என்றதும்தான் அதைச் சரிசெய்யும் நினைப்பே எனக்கு வந்தது. போனில் மகள் அழாத குறை.

"எங்க அத்த மத்ததுல எல்லாம் தங்கம்மா. பாத்ரூம் சரியில்லனா மட்டும் மூஞ்சத் தூக்கி வச்சிக்குவாங்க. ஏற்கெனவே எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசறதில்ல. மானத்த வாங்கிடாதம்மா."

கோளாறு என்னவென்று எனக்குத் தெரியும். மலைக்குப் பக்கத்தில் வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டியபோது, கோப்பையைப் பைப்புக்கு நேராக வைத்தால் உட்காருகிறவர் முகம் மலையைப் பார்த்து இருக்கும் என்று என் கணவர் கண்டுபிடித்தார். "அண்ணாமலையாரப் பாத்துக்கினு அந்தக் காரியமா?" என்று கொத்தனாரிடம் சண்டை போட்டுக் கோப்பையைப் பக்கவாட்டில் திருப்பச் செய்தார். அதைப் பைப்போடு சேர்க்க இரண்டு வளைவு போட வேண்டியதாயிற்று. அங்கே போய்த்தான் எல்லாம் நின்றுவிடும். பக்தியால் அடைத்துக்கொண்ட டாய்லெட் ஊரிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிளம்பரை வரவழைத்தேன். அவர் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வளைவ எடுத்துட்டு நேரா வச்சா ஜம்முனு போவும்க்கா. ஆனா நான் வைக்க மாட்டேன். மாசாமாசம் மலை சுத்தறவன் நான்."

"நான் சொன்னேன்ல!" என்று என் கணவர் துள்ளினார். இருவரும் ஒரே கட்சி. எனக்கு வந்ததே கோபம்!

"ஏங்க, மலையச் சுத்தி ஊரே இருக்குது. எல்லாரும் திசை பாத்தா உக்கார்றாங்க? பாவம் மொத்தமும் எனக்கே வரட்டும். திருப்புங்க!"

பிளம்பர் மலைப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உளியை எடுத்தார். என் கணவரும் பின்னால் நின்று போட்டுக்கொண்டார்.

மறுநாள் சிமெண்ட் காய்ந்ததும் அழுத்திப் பார்த்தேன். ஒரே இழுப்பு! எனக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டி நிரம்ப நிரம்ப நானும் அவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி போட்டி போட்டு அழுத்தினோம்.

பௌர்ணமியன்று மகளோடு வந்து இறங்கிய சம்பந்தியம்மா நேராக அங்கேதான் போனார். அடுப்படியில் நானும் மகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஃபிளஷ் சத்தம் கேட்டது. ஆனால் கதவு திறக்கவில்லை. மகள் என் கையை நசுக்கினாள்.

கடைசியில் வெளியே வந்தார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. நேராக மகளிடம் வந்து காதோரம் குனிந்தார், ஆனால் குரல் கூடம் வரை கேட்டது.

"உள்ள உக்காந்தா ஜன்னல்ல மலை தெரியுதேடி! எனக்கு ஒண்ணும் புரியல. பாதியிலயே எந்திரிச்சி நின்னு கும்புட்டுட்டேன்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மகள் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். கூடத்தில் என் கணவர் மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. "அத்த, போதும், வயிறு வலிக்குது" என்று மகள் கெஞ்ச, சம்பந்தியம்மா விடாமல், தான் எழுந்து நின்ற விதத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.