ரோமாபுரிச் சாமிகளும் சிவப்பு அரளியும்

ரோமாபுரிச் சாமிகள் மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. நீங்கள் சிரிக்கலாம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவன் வீட்டுப் பிள்ளைக்கும் கடல் தாண்டிய சாமிகளுக்கும் என்ன வழக்கு என்று கேட்கலாம். வழக்கு இருந்தது. உங்கள் ஜோலார்பேட்டை அத்தையை, அதாவது என் அக்காவை, முன்னிட்டு இருந்தது.

அப்போது நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் பாரம், இப்போதைய ஏழாம் வகுப்பு. இங்கிலீஷ் பாடம் எடுத்த சார், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரோமாபுரிக் காவியக் கதையைத் தமிழில் சொல்லுவார். எரிந்துபோன ஊரிலிருந்து ஒரு ராஜகுமாரன் தன் ஜனங்களோடு கப்பலேறுகிறான். வேறு தேசத்தில் புது ஊர் எழுப்பவேண்டும் என்பது அவன் விதி. மேலே சாமிகளுக்கெல்லாம் ராணியாக ஒருத்தி இருக்கிறாள். என்றைக்கோ அந்த ஊர்க்காரன் ஒருவன் தன் அழகைக் குறைத்துச் சொன்னான் என்ற ஆத்திரம் அவளுக்கு. காற்றைக் கட்டிவைத்திருப்பவனுக்கு ஆசை காட்டிப் புயலை அவிழ்த்துவிடுகிறாள். கப்பல்கள் உடைகின்றன. அப்போது கடல்சாமி எழுந்து வந்து, என்னைக் கேட்காமல் என் கடலில் காற்று விட்டது யார் என்று அதட்டுகிறது. முழுகிச் செத்தவர்களைப் பற்றி அதற்கு ஒரு பேச்சும் இல்லை. தன் எல்லையில் இன்னொருவர் கை வைத்ததுதான் அதற்கு ரோஷம்.

"எல்லாத்துக்கும் பெரிய சாமி ஒண்ணு இருக்குதே சார், அது இன்னா பண்ணுது?" என்று எழுந்து கேட்டேன்.

"விதி சரியா நடக்குதான்னு பாத்துக்கும்."

"அப்ப நடுவுல செத்தவங்க?"

"உக்காருடா" என்றார் சார்.

அதே வாரம் எங்கள் வீட்டிலும் ஒரு புயல் வந்து இறங்கியது. அக்கா எட்டாவது முடித்திருந்தாள். வேலூரில் டீச்சர் டிரெய்னிங்குக்கு இடம் கிடைத்து, அப்பாவும் சரி என்று சொல்லிவிட்டார். அக்கா தகரப் பெட்டியைத் துடைத்துத் துணிமணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, வந்து நடுவீட்டில் உட்கார்ந்தார். அவருடைய சம்சாரம் காய்ச்சலில் போய் வெகுநாள் ஆகவில்லை.

"பொட்டப் புள்ளைய வேலூருக்கு அனுப்பிட்டு எனக்கு யாரு சோறாக்கிப் போடறது? தாய்மாமன்னு ஒரு உரிம இல்லையா?" என்றார்.

"அது படிக்கணும்னு ஆசப்படுது மாப்ள" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஆச ஜாஸ்திதான் அதுக்கு. சரி, நீங்களும் சொல்ல வேணாம் மாமா, நானும் சொல்ல வேணாம். அம்மன்கிட்ட பூ கட்டிக் கேட்டுடலாம்."

அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்பா தலையாட்டினார். அம்மனைக் கேட்க வேண்டாம் என்று எந்த மனுஷன் சொல்லுவான்? பெட்டியருகே நின்ற அக்காவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பூ கட்டிக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். ஒரு இலையில் வெள்ளைப் பூ, ஒரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டி அம்மன் முன்னால் போடுவார்கள். குளித்து ஈரத்துணியோடு வரும் பிள்ளை ஒன்றை எடுத்துத் தரவேண்டும். மற்றதைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிடுவார்கள். வெள்ளை வந்தால் வேலூர், சிவப்பு வந்தால் கல்யாணம் என்று பேச்சு. "அரளிப்பூ நானே கொண்டாறேன், நானே கட்டறேன், யாரும் பேஜார் பட வேணாம்" என்றார் மாமா. அப்போதாவது ஒருவருக்கு உறைத்திருக்க வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் நான்தான் எடுத்தேன். கற்பூரப் புகையில் கண் எரிந்தது. அக்கா கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தாள். எடுத்துக் கொடுத்தேன். பூசாரி பிரித்தார். சிவப்பு.

எனக்கு என் கை மேலேயே ஆத்திரம் வந்தது. பக்கத்திலேயே கிடந்ததே வெள்ளை, அதை எடுக்கத் துப்பில்லையே என்று, விட்டுப்போன பொட்டலத்தைப் பிடுங்கிப் பிய்த்துவிட்டேன். அதிலும் சிவப்பு அரளி.

முதலில் வாய் திறந்தவர் பூசாரிதான்.

"பாத்தீங்களா தாயி! அம்மா ரெண்டு வாட்டி சொல்லிட்டா!"

"ஒரு தபா சொன்னா நம்ப மாட்டாங்கன்னு ஆத்தாளுக்குத் தெரியாதா?" என்று மாமா சிரித்தார். ஜனங்கள் கும்பிட்டார்கள். அம்மா என் முதுகில் நாலு வைத்தாள், பிரிக்கக்கூடாததைப் பிரித்துவிட்டேனாம். வெள்ளைப் பூ எங்கே என்று அத்தனை பேரில் ஒருவர் கேட்கவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா மாமாவைப் பார்க்கவில்லை, அம்மனையும் பார்க்கவில்லை. "அப்பா, நீங்க சொல்லுங்கப்பா" என்றாள்.

"அம்மனே சொல்லிட்டாளேம்மா. நான் இன்னா சொல்றது?" என்றார் அப்பா.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கதை தொடர்ந்தது. கரை ஒதுங்கிய ராஜகுமாரனுக்கு ஒரு ராணி இடம் கொடுக்கிறாள், சோறு கொடுக்கிறாள், தன்னையே கொடுக்கிறாள். ஒரு நாள் பெரிய சாமி தூது அனுப்புகிறது, புறப்படு என்று. அவன் ராணியிடம், நானாகப் போகவில்லை, சாமி உத்தரவு என்கிறான்.

நான் எழுந்துவிட்டேன். "சாமி சொன்னத அந்த ராணியும் கேட்டாங்களா சார்?"

"இல்ல. அவன் காதுக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."

"அப்ப பொய் சார்."

"டேய், காவியத்துல சாமி பொய் சொல்லாதுடா."

"சாமி எங்க சார் சொல்லிச்சு? அவந்தானே சொல்றான்!"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் பிரம்பை எடுத்தார். மீதிக் கதையை பெஞ்சு மேல் நின்றபடி கேட்டேன். அவன் போய்விட்டான். ராணி தீ மூட்டி அதன் மேல் ஏறிச் செத்தாள். அவன் கட்டவேண்டிய ஊர் பிற்பாடு பெரிய ராஜ்ஜியம் ஆனதாம். சாமிகளுக்கெல்லாம் திருப்தியாம்.

சாயங்காலம் ஷாப்பிலிருந்து வந்த அப்பா, சாப்பிட உட்கார்ந்தபோது என் உள்ளங்கைத் தடிப்பைப் பார்த்துவிட்டார். "எதுக்குடா அடிச்சாரு?" என்றார். புயலிலிருந்து ராணி செத்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அக்காவுக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன். அப்பா பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை.

"போறப்ப அவன் அழுதானாடா?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும்? அழுதா மட்டும் ராணி பொழச்சிப்பாளா?" என்று கத்தினேன். ஊதுகுழல் சத்தம் நின்றுவிட்டது.

"கத்தாதடா. நாளைக்கு சார்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார் அப்பா.

நான் கேட்கவில்லை. அந்த ராஜகுமாரனுக்காக நான் வாய் திறப்பதா என்று வீம்பு. கல்யாணத்துக்கு நாள் குறித்து, வாசலில் பந்தக்கால் நட்ட அன்று, மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கேட்டியாடா, போறப்ப அவன் அழுதானான்னு?" என்றார். அத்தனை வேலைக்கு நடுவில் அவருக்கு ரோமாபுரிக்காரன் மேல் என்ன அக்கறை என்று எனக்கு விளங்கவே இல்லை.